வீட்டுக்குள் மருந்து அடிக்கும் முன் வரும் அறிவிப்பு: ஐந்தாண்டு அனுபவம்

நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வீடுகளுக்குள் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பெற்றுவரும் நான் சொல்லக்கூடியது, மருந்து எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதற்கு முன் வரும் அறிவிப்பு என்பதுதான்.

முதல் இரண்டு ஆண்டுகளில் முந்தின நாள் இரவு கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போவார்கள்; நாளை மருந்து அடிக்கப்படும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. அப்படி ஒரு நாள், பணியாளர் சமையலறையை முடித்துக் கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. அவசரமாகத் துணியால் மூடினேன். ஆனால் காற்றுப் பம்பை நிறுத்தவில்லை. அது அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் நான்கு மீன்கள் மிதந்தன. பைரித்ராய்டு என்னும் வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்பதையும், அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைகளுக்கும் ஆபத்தானது என்பதையும் அதன் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். சீட்டில் மருந்தின் பெயரும் மீன் தொட்டி பற்றி ஒரு வரியும் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

குடியிருப்போர் பலர் சேர்ந்து கேட்ட பிறகு, இப்போது மூன்று நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வருகிறது. மருந்தில் உள்ள வேதிப்பொருளின் பெயர், தெளிப்பா அல்லது கரப்பான்கள் தின்று சாகும்படி வைக்கும் பசை போன்ற ஜெல்லா, எந்தெந்த அறைகள், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என அனைத்தும் அதில் உள்ளன. பலனிலும் வேறுபாடு தெரிகிறது. முன்பெல்லாம் ஜெல் வைத்த இடத்திலேயே நான் கடையில் வாங்கிய ஸ்பிரேயை அடித்துவிடுவேன். அந்த வாடைக்குக் கரப்பான்கள் ஜெல்லை அண்டாது என்பதை அறிவிப்பைப் படித்துத்தான் அறிந்தேன். முட்டைக் கூட்டுக்குள் மருந்து எளிதில் இறங்காது என்பதால், குஞ்சுகள் வெளிவந்த பின் மீண்டும் வரும் தேதியையும் முதல் அறிவிப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். இது மிகவும் உதவியாக இருக்கிறது.

ஒரு குறை மட்டும் நீடிக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் தனியாக மருந்து அடிக்கும்போது பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதில்லை. குழாய் செல்லும் துளைகள் வழியாக வாடை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. ஆஸ்துமா உள்ள என் தாயார் அன்று முழுவதும் இருமுகிறார். முன்கூட்டியே தெரிந்தால் அவரைச் சில மணி நேரம் வெளியே அழைத்துச் சென்றுவிடுவேன். அடுத்த ஒப்பந்தத்தில் இதையும் சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன்.