கிளிமஞ்சாரோ ஏறப் போகிறவர்கள் அனுமதிச் சீட்டை முதல் நாளே வாங்கிப் பாருங்கள்

சென்ற பிப்ரவரியில் நானும் என் மனைவியின் தம்பியும் தான்சானியாவுக்குப் போய், மச்சாமே பாதை வழியாகக் கிளிமஞ்சாரோ ஏறினோம். ஏழு நாள் பயணம் என்று எழுதிக் கொடுத்து ஆளுக்கு 1,250 டாலர் வாங்கிக்கொண்ட நிறுவனம், எங்களை ஆறு நாள் பயணத்தில்தான் அழைத்துச் சென்றது. பறித்துக்கொண்ட அந்த ஒரு நாள் தம்பியின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. இந்த ஆண்டு அங்கே போக எண்ணியிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரு நாள் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் மலையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சாமே நுழைவாயில் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியான உஹுரு 5,895 மீட்டர். அந்த உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். கயிறோ பாறையேற்றப் பயிற்சியோ தேவைப்படாத மலை என்பதால் இதை எளிதென்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் உடல் உயரத்துக்குப் பழகுவதற்கு இரவுகள் வேண்டும், அந்த இரவுகளைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். ஏழு நாள் திட்டத்தில் நான்காம் நாள் பராங்கோ முகாமிலிருந்து கிளம்பி, செங்குத்தான பராங்கோ சுவரைக் கைகளால் பற்றி ஏறி, நண்பகலுக்குள் சுமார் 4,000 மீட்டரில் உள்ள கரங்கா முகாமுக்கு வந்து அங்கேயே தூங்க வேண்டும். மறுநாள் காலை அரைநாள் நடந்தால் பராஃபு முகாம். அங்கே பகல் முழுதும் ஓய்வெடுத்த பிறகுதான் நள்ளிரவில் உச்சியை நோக்கி ஏற்றம்.

நாங்கள் கரங்காவில் மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும் முன்பே வழிகாட்டி வந்து நின்றார். நாளை மறுநாள் வானிலை கெட்டுவிடும், ஆகவே இன்றே பராஃபு போய்விட வேண்டும் என்றார். வானத்தில் மேகம் இல்லை. பக்கத்தில் தங்கியிருந்த இரண்டு குழுக்கள் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் மலையைப் பற்றி அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப்போகிறது என்று நான் ஒப்புக்கொண்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

பராஃபு சேர்ந்தபோது மாலை ஐந்தரை. முகாமின் உயரம் 4,600 மீட்டருக்கு மேல். தம்பிக்குத் தலைவலி தொடங்கிவிட்டது, சூப்பைக்கூட ஒதுக்கிவிட்டான். விரல் நுனியில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி காலை மாலை இரு வேளையும் பயன்படுத்தப்படும் என்று அவர்களுடைய விவரத்தாளில் இருந்தது. நான்கு நாட்களில் அது ஒருமுறைகூட வெளியே வரவில்லை. கேட்டதற்கு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார் வழிகாட்டி. உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை இருவரும் தவறாமல் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். குறைந்துபோன இரவை மாத்திரை ஈடுகட்டாது.

இரவு பதினொன்றுக்கு எழுப்பினார்கள். துணை வழிகாட்டி ஒருவரும் வருவார் என்று பணம் கட்டும்போது சொல்லியிருந்தார்கள். அப்படி யாரும் இல்லை. மூன்று மணி நேரம் ஏறியிருப்போம், உயரம் 5,200 மீட்டர் அளவில் இருந்திருக்கும். முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பியின் நடை, குடித்தவர் நடப்பதைப்போல் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தான். கையுறையைக் கழற்றி வைத்த இடம் அவனுக்கு நினைவில்லை. “மாமா, பாறை ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்று அவன் சொன்னபோது குரல் குழறியது. இந்தத் தள்ளாட்டமும் குழறலும் சாதாரணத் தலைவலியைச் சேர்ந்தவை அல்ல. மூளையில் நீர் கோத்துக்கொள்வதற்கான அறிகுறிகள். உடனே கீழே இறக்குவதே இதற்கு முதல் மருந்து என்று புறப்படுவதற்கு முன் படித்திருந்தேன். வழிகாட்டியோ, இன்னும் கொஞ்ச தூரம்தான், உச்சிக்குச் சற்றுக் கீழே எரிமலை வாயின் விளிம்பிலுள்ள ஸ்டெல்லா பாயிண்ட் வரை வந்துவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும் என்று வற்புறுத்தினார்.

ஆக்சிஜனை எடுங்கள் என்றேன். பையிலிருந்து சிலிண்டரை எடுத்தார். என் தலைவிளக்கை அதன்மேல் காட்டிப் பார்த்தேன். அழுத்தமானியின் முள் சிவப்புப் பட்டையின் அடியில், சுழியத்தின்மேல் படுத்திருந்தது. குழாயில் மாட்ட வேண்டிய முகமூடி பிரிக்காத உறையிலேயே இருந்தது. அந்த உறையின் மடிப்புகளில் பழைய தூசு படிந்திருந்தது. அதற்குமேல் பேச எதுவும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தம்பியை இறக்கினோம். பராஃபுவில் நில்லாமல், விடிந்த பிறகு 3,800 மீட்டர் அளவில் இருக்கும் மில்லினியம் முகாமுக்கு வந்தபோதுதான் அவன் தெளிவாகப் பேசினான், தண்ணீர் கேட்டான். பிறகு மலையடிவார நகரமான மோஷியில் பார்த்த மருத்துவர், இன்னும் இரண்டு மணி நேரம் ஏறியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றார்.

மறுநாள் ம்வேக்கா நுழைவாயிலில் கையெழுத்திட்டு வெளியேறும்போது, வழிகாட்டியின் கையிலிருந்த, மலை அடங்கிய தேசியப் பூங்காவின் அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளே நுழையும் தேதியிலிருந்து வெளியேறும் தேதிவரை எண்ணினால் ஆறே நாட்கள். வானிலைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாங்கள் மலையில் கால் வைப்பதற்கு முன்பே அந்த நாளை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று பின்னர் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாங்கள் சென்றபோது பூங்காக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், முகாமில் தங்க ஓர் இரவுக்கு 50 டாலர், மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20 டாலர். இவற்றின்மேல் 18 விழுக்காடு வரி. ஏழு நாளுக்கு ஏறக்குறைய 956 டாலர் ஆகிறது, ஆறு நாளுக்கு 814. ஆக, ஓர் ஆளுக்கு 142 டாலருக்காக அந்த இரவை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இதே கணக்கை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 1,250 டாலரில் 956 போனால் மிஞ்சுவது 300 டாலருக்கும் குறைவு. ஏழு நாளுக்கான சாப்பாடு, வண்டி, கூடாரம், சமையல்காரர், வழிகாட்டி, சுமை தூக்கும் போர்ட்டர்கள் எல்லோருக்கும் அதற்குள்தான். அந்த விலையை மலிவு என்று மகிழ்ந்து ஒப்புக்கொண்டபோது நான் இந்தக் கழித்தலைப் போடவில்லை. அதற்காக வருந்துகிறேன், ஏனென்றால் நம்மைவிட அதிகம் இழந்தவர்கள் போர்ட்டர்கள். நுழைவாயிலில் எடை பார்த்தபோது ஏழு பேர் இருந்தார்கள்; ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பூங்கா விதி. இரண்டாம் முகாமில் எண்ணினால் ஐந்து பேர். திருப்பி அனுப்பிய இருவரின் சுமையும் இவர்கள் தலையில் ஏறியிருந்தது. பராஃபுவில் தண்ணீர் கிடையாது. கரங்கா ஓடையிலிருந்துதான் மேலே சுமந்துபோக வேண்டும். அன்று மாலை ஓர் இளைஞர், நாடாவுக்குப் பதில் நைலான் கயிறு கட்டிய ஷூவோடு, இரண்டு தண்ணீர்க் கேன்களைச் சுமந்து எங்களுக்குப் பின்னால் ஏறிவந்தார். ஒரு நாளில் ஒரு வேளைதான் வயிறு நிறைய உகாலி என்னும் மக்காச்சோளக் களி கிடைத்தது என்று இறங்கும் வழியில் அவர் சொன்னார். எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் வழிகாட்டியிடம் கொடுத்த அன்பளிப்பு உறையிலிருந்தும் அவர் கைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

ஆகவே, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையிலிருந்து பூங்காக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சும் தொகையில் அத்தனை பேருக்குக் கூலி கொடுக்க முடியாது என்றால் அந்த நிறுவனம் வேண்டாம். போர்ட்டர்களின் கூலியையும் உணவையும் கண்காணிக்கும் கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு மோஷியில் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களின் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். கிளம்பும் நாளன்று நுழைவாயிலிலேயே அனுமதிச் சீட்டில் உள்ள இரண்டு தேதிகளையும் எண்ணிப் பாருங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் முள்ளை உங்கள் கண்ணால் பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல வழிகாட்டி கேட்கும் முன்பே காட்டிவிடுவார். ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு யார் இறங்குவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்பளிப்பை உறையில் போட்டு ஒருவரிடம் ஒப்படைக்காமல், எல்லோரும் கூடியிருக்கும்போது அவரவர் கையில் கொடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் மூன்று முறை எழுதினேன். பயணத் திட்டத்தை மாற்றும் உரிமை வழிகாட்டிக்கு உண்டு என்று ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டி ஒரே ஒரு பதில் வந்தது. அனுமதிச் சீட்டின் தேதியைக் குறிப்பிட்டு எழுதிய இரண்டாவது, மூன்றாவது கடிதங்களுக்குப் பதில் இல்லை. தம்பி இப்போது நலமாக இருக்கிறான். அந்த நிறுவனம் இன்றைக்கும் அதே ஏழு நாள் பயணத்தை அதே 1,250 டாலருக்கு விற்றுக்கொண்டிருக்கிறது.