டோட்டா, எக்ஸ்சேஞ்சா, ஃபிக்ஸட் ஆட்ஸா: அமெரிக்க ரேஸ்ல எது தேறும்?

அமெரிக்காவுல குதிரை மேல பெட் கட்டணும்னா இன்னிக்கும் மெயினா பாரிமியூச்சுவல் பூல்தான், நம்ம ஊர்ல டோட்டுன்னு சொல்லுவாங்களே அதே சிஸ்டம். எல்லார் காசும் ஒண்ணா விழும், வின் பெட்டுன்னா (முதல்ல வர்ற குதிரை மேல கட்டுறது) அதுல சுமார் 15-17 சதவீதம் டேக்அவுட்டுன்னு முதல்லயே உருவிடுவாங்க, டிரைஃபெக்டா (முதல் மூணு குதிரையை வரிசையா சொல்லணும்) மாதிரி ஐட்டம்னா 20க்கு மேல போகும், மிச்சம்தான் ஜெயிச்சவங்களுக்கு. இதுல பிரேக்கேஜ்னு சில்லறை அடிக்கிறது வேற, 2 டாலர் டிக்கெட்டுக்கு கணக்குப்படி 7.78 வரணும்னா பல இடத்துல 7.60தான் கைக்கு வரும். கென்டக்கி 2022ல இதை சென்ட் கணக்குக்கு மாத்துச்சு. எனக்கு பெரிய கடுப்பு ரேட்டுதான். கேட் திறக்கும்போது 5-1ன்னு (ஒரு டாலருக்கு அஞ்சு டாலர் லாபம்) இருக்குற குதிரை ஓடிட்டு இருக்கும்போதே 3-1 ஆயிடும், கம்ப்யூட்டர் வச்சு கடைசி செகண்டுல கொட்டுற பெரிய கைங்களோட வேலை, அவங்களுக்கு கட்டின காசுல ஒரு பங்கு திரும்பி வர்ற ரிபேட்டும் உண்டு.

எக்ஸ்சேஞ்ச்ல இந்தத் தலைவலி இல்ல. 2000ல இங்கிலாந்துல பெட்ஃபேர் ஆரம்பிச்ச மாடல், இன்னொரு ஆளோட நேரா பெட் கட்டுறோம், ஒத்துக்கிட்ட ரேட்டு மாறாது, ஜெயிச்ச காசுல மட்டும் கமிஷன், அங்க ரொம்ப நாளா 5 சதவீதம். குதிரை தோக்கும்னும் கட்டலாம், அதான் லே. 5.0 ரேட்டுல (அதாவது 4-1) 20 டாலருக்கு லே பண்ணா, குதிரை தோத்தா 20 நமக்கு (கமிஷன் போக), ஜெயிச்சா 80 போச்சு.

அப்புறம் ஏன் அமெரிக்காவுல ஓடல? கலிஃபோர்னியா 2010லயே சட்டம் போட்டுச்சு, 2012ல இருந்து நடத்தலாம்னு, ஆனா ஒரு பெட்கூட விழல. பரிசுப்பணமே டேக்அவுட்ல இருந்துதான் வருது, 100 டாலருக்கு 16 வர்ற இடத்துல எக்ஸ்சேஞ்ச் கமிஷன்ல கொஞ்சமா வந்தா குதிரை ஓனருங்க எப்படி ஒத்துப்பாங்க? லே இருந்தா வேணும்னே குதிரையை இழுத்துப் பிடிப்பாங்கன்னு ஒரு பயமும் சொன்னாங்க, எனக்கென்னவோ அது சாக்குன்னுதான் தோணுது, யார் யாருக்கு எதிரா கட்டினாங்கன்னு எக்ஸ்சேஞ்ச்ல அக்கவுன்ட்டோட பதிவாகிடுமே. நியூஜெர்சியில மான்மத் பார்க்குங்கற ரேஸ் கோர்ஸோட சேர்ந்து 2016ல பெட்ஃபேர் ஆரம்பிச்சாங்க, 2020ல மூடிட்டாங்க. எதிர்ல கட்ட ஆள் இல்லாத எக்ஸ்சேஞ்ச்ல நல்ல ரேட்டு கேட்டா அது அப்படியே மேட்ச் ஆகாம கிடக்கும், அவ்வளவுதான்.

மூணாவது ஃபிக்ஸட் ஆட்ஸ், அதே நியூஜெர்சி 2021ல சட்டம் போட்டு 2022ல மான்மத்ல ஆரம்பிச்சது. கட்டின ரேட்டு லாக், கூட்டம் தேவையில்ல, புக்கி இருந்தா போதும். ஆனா புக்கி மார்ஜின் வச்சுதான் ரேட்டு போடுவான், தொடர்ந்து ஜெயிக்கிறவனோட லிமிட்டையும் குறைச்சிடுவான், ஆஸ்திரேலியாக்காரங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

கட்டுறவனுக்கு எக்ஸ்சேஞ்ச்தான் பெஸ்ட், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பல மாநிலம் சேர்ந்து ஒரே மார்க்கெட்டா வர்ற வரைக்கும் அங்க ஓடப்போறது ஃபிக்ஸட் ஆட்ஸ்தான், அதுவும் மெதுவா. இப்போதைக்கு டோட்டுல கட்டுறவங்க டிரைஃபெக்டாவை விட்டுட்டு வின் பெட்டோட நின்னா டேக்அவுட்டாவது குறையும்.