சங்கிலியா, பெல்டா? 20 டன் எந்திரத்தை ட்ரெய்லரில் கட்டும்போது

20 டன் எக்ஸ்கவேட்டர் ட்ரெய்லரில் ஏறி நின்றதும் எழும் கேள்வி இது. பெல்ட் (சரக்கை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை) லேசானது, பெயின்ட்டைக் கீறாது, ஒரே ஆள் கட்டிவிடலாம். சங்கிலியோ கனம், கையைக் கடிக்கும். ஆனாலும் நான் சங்கிலி பக்கம்தான்.

பெல்ட் நீளும். ஐரோப்பியத் தரமான இஎன் 12195-2, உச்சச் சுமையில் 7 சதவீதம் வரை நீள விடுகிறது. 3 மீட்டர் பெல்ட் என்றால் 21 சென்டிமீட்டர். பிரேக் அடித்ததும் எந்திரம் அவ்வளவு நகர்ந்த பிறகு பிடித்து என்ன பயன்? எந்திரம் உருளும் இரும்புப் பட்டையான டிராக்கின் விளிம்பில் உரசிய பெல்டை விரலால் தடவிப் பாருங்கள், ஓரத்தில் பிசிறு தட்டுப்படும். அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கட்டும் விதம் இன்னும் முக்கியம். பெல்டை மேலே போட்டு இறுக்கினால் அது எந்திரத்தை அமுக்குகிறது, அவ்வளவே. நகராமல் நிறுத்துவது உராய்வு. இஎன் 12195-1 கணக்கில், முன்பக்கம் எடையின் 0.8 மடங்கு விசையைத் தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 மடங்கு. உராய்வு எண் 0.3 என்றால், 500 டெக்காநியூட்டன் (சுமார் 500 கிலோ எடையளவு) இறுக்கம் தரும் பெல்டைச் செங்குத்தாகப் போட்டாலும் 41 தேவை! அடியில் ரப்பர் மேட் விரித்து 0.6 ஆக்கினால் 9. ஆனால் எக்ஸ்கவேட்டர் மேல் 9 பெல்ட் போட இடம் எங்கே?

சங்கிலியை எந்திரத்தின் கொக்கி வளையங்களிலிருந்து நேராகத் தளத்துக்கு, நான்கு மூலையிலும் கீழ்நோக்கி 45 டிகிரி, பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வில் கட்டினால் கதை மாறுகிறது. முன்னே பாயாமல் இழுத்துப் பிடிக்கும் இரண்டு சங்கிலிக்கும் தலா சுமார் 42 கிலோநியூட்டன் (4.3 டன் எடையளவு) போதும், மேட் இருந்தால். 63 தாங்கும் 10 மில்லிமீட்டர் சங்கிலி தாராளம். மேட் இல்லையென்றால் 86 ஆகிறது, 13 மில்லிமீட்டருக்குப் போக வேண்டும். அதனால் முதலில் மேட்டை வாங்குங்கள் என்பேன்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. 4,536 கிலோவும் அதற்கு மேலும் உள்ள எந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு. கட்டுகளின் வேலைச் சுமை வரம்பு (ஒரு கட்டு பாதுகாப்பாகத் தாங்கும் அளவு) மொத்தமாக எடையில் பாதி வர வேண்டும். தளத்திலிருந்து எந்திரத்துக்கு நேராகப் போகும் கட்டுக்குப் பாதி மதிப்புதான். கிரேடு 70 என்ற வலிமைத் தரத்தில் உள்ள 3/8 அங்குலச் சங்கிலியின் வரம்பு 2,994 கிலோ, ஆக ஒன்றுக்கு 1,497. நான்கு போதாது, ஏழு வேண்டும். இரு பக்கமும் சமமாக வர எட்டாகப் போடுங்கள். பூம் (எந்திரத்தின் நீண்ட கை), பக்கெட்டை முழுசாக இறக்கித் தனியாகவும் கட்ட வேண்டும்.

சங்கிலியை இறுக்கும் கருவியான பைண்டரில், பல்சக்கரத்தால் படிப்படியாக இறுகும் ராட்செட் வகையே எடுங்கள். ஒரே நெம்பில் இறுகும் லீவர் பைண்டர் திறக்கும்போது எகிறி முகத்தில் அடிக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் சங்கிலியைவிட பெல்ட் நல்லது: சற்றுத் தளர்ந்தாலும் இழுவிசை கொஞ்சம் மிஞ்சும். சங்கிலிக்கு அது கிடையாது. முதல் 80 கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். டிராக் இடுக்கிலிருந்த மண் உதிர்ந்து எந்திரம் அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலே சங்கிலி தொங்கும்.