வீடியோ ஸ்ட்ரீம் கண்காணிப்பில் எஸ்என்எம்பி ட்ராப்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் டிஜிட்டல் கேபிள் ஹெட்எண்டில் (சேனல்களைத் திரட்டி அனுப்பும் மைய நிலையத்தில்) ஒவ்வொரு சேனலும் தனித்தனி மல்டிகாஸ்ட் (பலர் ஒரே நேரத்தில் பெறக்கூடிய) முகவரியில் ஐபி ஸ்ட்ரீமாக ஓடுகிறது. அவற்றை டிஆர் 101 290 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு அளவுகோலின்படி சோதிக்கும் புரோப்கள் (சோதனைக் கருவிகள்) சில, அவை அனுப்பும் ட்ராப்களை, அதாவது எஸ்என்எம்பி என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறையில் கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கைகளை, பெற ஒரு லினக்ஸ் சர்வரில் நெட்-எஸ்என்எம்பி தொகுப்பின் எஸ்என்எம்பிட்ராப்டி நிரல், அதற்கு மேல் ஜாபிக்ஸ் கண்காணிப்பு மென்பொருள் என்ற இந்த அமைப்பைப் பல ஆண்டுகளாக இரவு பகலாகப் பயன்படுத்தி வருகிறோம். புரோப்கள் எந்த நிறுவனத்தினுடையவை என்பது இங்கே பொருட்டன்று. கீழே சொல்பவை பெரும்பாலும் எந்தப் புரோப்புக்கும் பொருந்தும். ட்ராப் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ட்ராப் வராததை ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், அந்த ஏற்பாடு மிகவும் தேவைப்படும் நேரத்தில் காலை வாரிவிடும்.

அமைக்கும் வேலை பெரிதன்று. புரோப்பில் பெறுநரின் ஐபி முகவரி, யுடிபி (ஒப்புகை கேட்காத அனுப்புமுறை) 162 என்ற போர்ட், எஸ்என்எம்பி பதிப்பு 2சி, கம்யூனிட்டிச் சொல் (கடவுச்சொல் போன்றது) ஆகியவற்றைக் கொடுத்து ஒரு சோதனை ட்ராப் அனுப்பிப் பார்த்தால் போதும். அந்தச் சோதனை ட்ராப் வந்து சேராதபோதுதான் நேரம் போகிறது. நெட்-எஸ்என்எம்பி 5.3 பதிப்பிலிருந்து, ஆத்கம்யூனிட்டி என்ற வரியை அமைப்புக் கோப்பில் எழுதி அனுமதி கொடுத்தாலொழிய எஸ்என்எம்பிட்ராப்டி எந்த ட்ராப்பையும் ஏற்காது. தொடங்கும்போது பதிவில் ஓர் எச்சரிக்கை எழுதுவதோடு சரி. மற்றொன்று ஃபயர்வால். வலையமைப்பில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரிகிறது, ஆகவே சர்வருக்கு ட்ராப் வந்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் டிசிபிடம்ப் உள்வரும் பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வால் விதிகள் அதைத் தொடுவதற்கு முன்னால். எனவே அங்கே தெரியும் பாக்கெட் அடுத்த படியிலேயே தடுக்கப்பட்டிருக்கக் கூடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ட்ராப் புறப்படும் முகவரி. ஜாபிக்ஸ், வந்த ட்ராப் எந்தக் கருவியினுடையது என்பதை அனுப்பிய ஐபி முகவரியை வைத்தே முடிவு செய்கிறது. ஒரு புரோப்புக்கு மேலாண்மை வலையமைப்பில் ஒரு முகவரியும் ஸ்ட்ரீம் வலையமைப்பில் மற்றொரு முகவரியும் இருக்கும். ரூட்டிங் மாறி ட்ராப் இரண்டாம் முகவரியிலிருந்து கிளம்பினால் ஜாபிக்ஸ் அதை எந்தக் கருவியோடும் சேர்க்காது. பொருந்தாத ட்ராப் என்று சர்வரின் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுப் போய்விடும், திரையில் ஒன்றும் தெரியாது. அந்தப் பதிவுக் கோப்பையே கண்காணிக்கும் ஓர் உருப்படியை (ஐட்டம்) ஜாபிக்ஸில் உருவாக்கிவைப்பது நல்லது.

கருவியின் எண் குறியீடுகளுக்குப் பெயர் தரும் எம்ஐபி கோப்புகளைப் பற்றிப் பலரும் நிறையக் கவலைப்படுகிறார்கள். மனிதர் படிப்பதற்கு அவை தேவைதான். ஆனால் ட்ராப்பை அடையாளம் காணும் விதிகளை ஓஐடியின் (அந்தக் குறியீட்டின்) எண் வடிவில் எழுதி, எஸ்என்எம்பிட்ராப்டியும் எண்ணாகவே வெளியிடும்படி அமைத்துவிடுவதே என் பரிந்துரை. பெயரை வைத்து விதி எழுதினால், சர்வரை மாற்றும்போது ஓர் எம்ஐபி கோப்பு விடுபட்டாலும் அதைச் சார்ந்த விதிகள் எல்லாம் ஓசையின்றிச் செயலிழக்கும்.

இனி, எதற்கு அறிவிப்பு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கேள்வி. டிஆர் 101 290 பிழைகளை மூன்று முன்னுரிமைகளாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஒத்திசைவு இழப்பு, பிஏடி, பிஎம்டி (சேனல்களையும் அவற்றின் பகுதிகளையும் பட்டியலிடும் அட்டவணைகள்), பிஐடி (ஒவ்வொரு பகுதியின் அடையாள எண்) பிழைகள், பாக்கெட்டுகளின் வரிசை தாவுவதைக் காட்டும் தொடர்ச்சி எண் பிழை ஆகியவை வருகின்றன. பிஏடி அரை வினாடிக்கு ஒருமுறையேனும் வந்தாக வேண்டும். அது நின்றால் செட்டாப் பெட்டியால் சேனலைப் பிடிக்க முடியாது என்பதால் அந்த அறிவிப்பில் விவாதத்துக்கே இடமில்லை. தொடர்ச்சி எண் பிழையின் கதை வேறு. ஒரு யுடிபி பாக்கெட்டில் வழக்கமாக 188 பைட் அளவுள்ள ஏழு டிரான்ஸ்போர்ட் பாக்கெட்டுகள், அதாவது 1316 பைட், ஏறியிருக்கும். அந்த ஒரு யுடிபி பாக்கெட் தொலைந்தால் படம், ஒலி, அட்டவணை என்று பல பிஐடிகளில் ஒரே கணத்தில் எண் தாவும். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு ட்ராப் என்று விட்டுவைத்தால், ஒரு ஸ்விட்ச் போர்ட்டில் கேபிள் தளர்ந்தாலே எல்லாச் சேனல்களிலிருந்தும் ட்ராப்கள் வந்து குவியும். அந்தக் குவியலுக்குள், தனியாக நின்றுபோன ஒரு சேனல் யார் கண்ணிலும் படாது.

எங்களுக்கு ஒத்துவந்தது, இந்தப் பிழையைத் தனி நிகழ்வாக அல்லாமல் விகிதமாகப் பார்ப்பது: ஒரு நிமிடத்துக்குள் எத்தனை வினாடிகளில் பிழை இருந்தது என்று புரோப்பையே எண்ணவைத்து, வரம்பைத் தாண்டினால் மட்டும் ட்ராப். அதோடு, ஸ்விட்சின் அப்லிங்க் (மேல்நிலை இணைப்பு) விழுந்தால் அதைச் சார்ந்த சேனல்களின் அறிவிப்புகளை ஜாபிக்ஸ் அடக்கிவைக்கும்படி சார்புநிலை கொடுத்திருக்கிறோம். இரண்டாம் வகையில் வரும் பிசிஆர் (பெட்டியின் கடிகாரத்தை ஒத்திசைக்கும் நேரக்குறிப்பு) பிழைகளைப் பணியாளர் கைபேசிக்கு அனுப்புவதேயில்லை. பிசிஆரின் துல்லிய வரம்பு ±500 நானோவினாடி, அதை மீறும் சேனல்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பெரும்பாலும் குறையின்றித் தெரிகின்றன. காலையில் அறிக்கையாகப் பார்த்தால் போதும்.

ஆனால் டிஆர் 101 290 படத்தைப் பார்ப்பதில்லை. என்கோடர் கறுப்புப் படத்தை அனுப்பினாலும் பாக்கெட்டுகள் ஒழுங்காக இருந்தால் அந்த அளவுகோலின்படி சேனல் நலமாகவே இருக்கிறது. பகுதி கேபிள் ஆபரேட்டர் போன் செய்த பிறகே நமக்குத் தெரியவரும். ஆகவே படம் உறைதல், கறுப்பு, ஒலியின்மை ஆகியவற்றைக் கண்டறியும் வசதி வேண்டும், அதுவும் ஸ்க்ராம்பிளிங் (சந்தாதாரர் மட்டும் பார்க்கும்படி மறையாக்கம்) செய்வதற்கு முந்தைய இடத்தில் வேண்டும். எல்லாச் சேனலுக்கும் ஒரே வரம்பு இங்கே செல்லாது. பக்திச் சேனல்களில் ஒரே சுவாமி படம் அசையாமல் நிற்க, பாட்டு மட்டும் முழுதாக ஓடி முடியும். அவற்றுக்குப் படம் உறைந்தால் ஒலியும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்த பிறகுதான் இரவுப் பணியாளர்கள் அந்த அறிவிப்பை மதிக்கத் தொடங்கினார்கள்.

ட்ராப் யுடிபியில் போகிறது. தொலைந்தால் அனுப்பியவருக்குத் தெரியாது. பிழை தொடங்கியதற்கு ஒரு ட்ராப், தீர்ந்ததற்கு ஒரு ட்ராப் என்ற ஏற்பாட்டில் இரண்டாவது தொலைந்தால், நன்றாக ஓடும் சேனல் திரையில் சிவப்பாகவே நிற்கும். முதலாவது தொலைவது இதைவிட ஆபத்தானது. பதிப்பு 2 கொண்டுவந்த இன்ஃபார்ம் முறையில் பெறுநர் ஒப்புகை தர வேண்டும், வராவிட்டால் கருவி மீண்டும் அனுப்பும். புரோப்பில் இந்த வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் புரோப்பே அணைந்துபோனால் இன்ஃபார்மும் கிடையாது. எனவே, புரோப்பின் நடப்பு அலார அட்டவணையை யுடிபி 161 வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை நாமே கேட்டுப் படித்து, ட்ராப் சொன்னதோடு ஒப்பிடுகிறோம். ட்ராப் உடனடித் தகவலுக்கு, அட்டவணை உண்மை நிலவரத்துக்கு. இரண்டும் முரண்பட்டால் அட்டவணை சொல்வதையே ஏற்கிறோம். புரோப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று ஒரு ட்ராப் அனுப்பும்படியும், அது வராவிட்டால் ஜாபிக்ஸின் நோடேட்டா விதி அலாரம் எழுப்பும்படியும் அமைத்ததால், பெறும் பாதையில் ஏற்படும் கோளாறும் தானே வெளிப்பட்டுவிடுகிறது.

எஸ்என்எம்பி பதிப்பு 3க்கு மாற விரும்புவோர் எஞ்சின் ஐடியை (ஒவ்வொரு கருவியின் எஸ்என்எம்பி மென்பொருளுக்கும் உரிய தனி அடையாளம்) கவனிக்க வேண்டும். ட்ராப்பில் செல்லுபடியாவது அனுப்பும் கருவியின் எஞ்சின் ஐடி. ஆதலால் பெறும் சர்வரில் ஒவ்வொரு புரோப்பின் ஐடியோடும் பயனரைப் பதிய வேண்டும். பழுதான புரோப்பை மாற்றும்போது ஐபி முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் பழையபடி இருந்தும் ட்ராப் ஏற்கப்படாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. இன்ஃபார்மில் பெறுநரின் ஐடியே செல்லும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

புதிய புரோப் வாங்கும்போது ட்ராப் அனுப்புமா என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பயனில்லை, எல்லாமே அனுப்பும். ட்ராப் எந்த முகவரியிலிருந்து புறப்பட வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாமா, சேனல்வாரியாக வரம்பு வைக்கலாமா, இன்ஃபார்ம் உண்டா, நடப்பு அலார அட்டவணையை வெளியிலிருந்து படிக்கலாமா என்று கேட்கிறோம். முதல் மூன்றில் குறை இருந்தாலும் ஒருவாறு சமாளிக்கலாம். அட்டவணையைப் படிக்க முடியாத புரோப்பை இப்போது விலை கேட்கும் கட்டத்திலேயே ஒதுக்கிவிடுகிறோம்.