நான்கு கேமரா, ஒரே சங்கிலி: ஆறு வருட அனுபவம்

நான் வைத்திருக்கும் அதே கேமராவின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடலாமா என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். கேட்ட நேரம்தான் சரியில்லை. என்னுடைய இரண்டாவது கேமரா ரிப்பேர் முடிந்து வந்து மூன்று நாள்தான் ஆகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னிடம் இருப்பவை நான்கு பிடிஇசட் கேமராக்கள் (தூரத்திலிருந்தே திருப்பி, சாய்த்து, ஜூம் செய்யக்கூடியவை), அவற்றை இயக்க ஜாய்ஸ்டிக் வைத்த கன்ட்ரோலர் ஒன்று. அரங்க நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறேன். படத் தரம், ஜூம் எல்லாம் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது முகவரி விவகாரம், அதாவது கன்ட்ரோலர் ஒவ்வொரு கேமராவையும் கூப்பிடும் எண்.

ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிளில் ஓடும் விஸ்கா இது, கன்ட்ரோலரும் கேமராவும் பேசிக்கொள்ளும் மொழி. கன்ட்ரோலரிலிருந்து முதல் கேமராவுக்கு ஒரு கேபிள், அதன் அவுட்டிலிருந்து அடுத்ததன் இன்னுக்கு ஒன்று என்று சங்கிலியாகப் போகும், அதிகபட்சம் 7 கேமரா. எண் வைக்க சுவிட்ச் எதுவும் கிடையாது. கன்ட்ரோலர் 88 30 01 எஃப்எஃப் என்று நான்கே பைட் அனுப்பும். முதல் கேமரா 1-ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் 2 போட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடும். அது 2-ஐ எடுத்துக்கொண்டு 3 போடும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்வது மாதிரி. கடைசியில் கன்ட்ரோலருக்குத் திரும்பி வருவது 88 30 05 எஃப்எஃப். ஐந்தில் ஒன்று போக நான்கு கேமரா. லேப்டாப்பில் இதை முதன்முதலாகப் பார்த்த அன்று அசந்துபோனேன். இன்றைக்கும் அழகான வேலை என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்த எண் கேமராவுக்குச் சொந்தமில்லை, வரிசையில் அது நிற்கும் இடத்துக்குத்தான் சொந்தம். இரண்டாவதைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, ஒன்றிலிருந்து மூன்றாவதற்கு நேராகக் கேபிள் போட்டேன். உடனே மூன்றாவது 2 ஆனது, நான்காவது 3 ஆனது. ப்ரீசெட்டுகள், அதாவது முன்கூட்டியே பதிந்துவைத்த கோணங்கள், கேமராவுக்குள்ளேயே இருப்பதால் அவை மாறவில்லை, கூப்பிடும் எண் மட்டும் நகர்ந்துவிட்டது. அன்று ஒரு கலந்துரையாடல், நேரலை. கேள்வி கேட்பவரைப் பிடிக்கப் பழக்கத்தில் 3-ஐ அழுத்தி ப்ரீசெட்டைத் தட்டினேன். ஆனால் 3 இப்போது நான்காவது கேமரா; ஒளிபரப்பில் இருந்த அதன் அகலக் காட்சி மேடையை விட்டு நகர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்க் காலி நாற்காலிகளில் நின்றது. அந்த சில விநாடிகளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, கேமரா திரும்பி வந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று பழையபடி மாட்டினால், கன்ட்ரோலர் இரண்டே கேமராதான் இருக்கிறது என்கிறது. கேபிள் மாற்றிப் பார்த்து ஒரு மாலை முழுக்கப் போனது. காரணம் இதுதான்: மின்சாரம் கொடுத்ததும் இந்தக் கேமராக்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி நேராக்கிக்கொண்ட பிறகுதான் பேசும். கன்ட்ரோலர் அதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது. கேமராக்களை முதலில் போட்டு, நான்கும் அசையாமல் நின்ற பிறகு கன்ட்ரோலரைப் போட்டால் நான்கும் வருகின்றன. என்னிடமுள்ள கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்புறம், நடுவில் ஒன்று அணைந்தால் அதற்குப் பின்னால் உள்ளவையும் ஊமை, ஏனென்றால் செய்தி அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

பின்பக்கம் ஒரு சுழல் சுவிட்ச் வைத்து எண்ணைக் கையால் நிலையாகக் கொடுக்கும் மாடல்களும் உண்டு. என்னுடையதில் அதை வைத்திருந்தால் இந்தப் பதிவே வேண்டியிருக்காது.

ஆறு வருடத்தில் மூன்று கேமராக்களின் மோட்டார் ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை. ப்ரீசெட்டை அழுத்தினால் முதல் நாள் வைத்த அதே இடத்தில்தான் வந்து நிற்கும். இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றேன். அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன் என்றார். அதற்கும் மனம் வரவில்லை.