கல்யாணப் பந்தியும் கையில் ஒட்டிய சென்சாரும்

12 வருஷமாக இன்சுலின் போடுகிறேன். டைப் 1 சர்க்கரை நோய். தினம் நாலு ஊசி, அதுபோக விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் ரத்தம் தொட்டுப் பார்ப்பது தனி. மேல்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைப் போனில் காட்டும் 14 நாள் சென்சாரை இந்த வருஷம்தான் வாங்கினேன். ஒன்று ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். இதுவரை மூன்று போட்டாயிற்று, குறை சொல்ல இது போதும் என்று நினைக்கிறேன்.

ஒட்டுவது சுலபம். ‘டப்’ என்று ஒரு சத்தம், எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து போனில் எண் வர ஆரம்பிக்கும். ஆனால் ஐயாயிரம் ரூபாய் அந்த எண்ணுக்கு இல்லை, பக்கத்தில் வருகிற அம்புக்குத்தான். 130 என்று ஸ்ட்ரிப் சொல்லும், அது ஏறுகிற 130-ஆ இறங்குகிற 130-ஆ என்று சொல்லாது.

முதல் வாரமே இட்லி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஊசியைப் போட்ட கையோடு தட்டின் முன்னால் உட்காருகிறவன் நான். மூன்று இட்லி, ஒரு மணி நேரத்தில் 240. அதே இட்லி, அதே அளவு இன்சுலின், ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருபது நிமிஷம் விட்டேன், 180-ஐத் தாண்டவில்லை. வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கே அந்த நேரம் தேவைப்படுகிறது. சரி, சூத்திரம் கிடைத்துவிட்டது என்று மறுநாள் வெண்பொங்கலுக்கும் அதையே செய்தால், சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் அம்பு கீழே பார்க்கிறது, மூன்று மணி நேரம் கழித்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. நெய் வயிற்றைத் தாமதப்படுத்த, இன்சுலின் முந்திக்கொண்டது. இதை வைத்துத்தான் டாக்டர் பொங்கலுக்கு மட்டும் ஊசி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இத்தனை வருஷம் ‘பொங்கல் எனக்கு ஒத்துக்காது’ என்று அதன் மேல் பழி போட்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கல்யாணம். மதுரையில், சொந்தக்காரர் வீடு. பன்னிரண்டரைக்குப் பந்தி என்றார்களே என்று பன்னிரண்டேகாலுக்கு மண்டபத்து மாடிப்படி ஓரமாக நின்று ஊசியைப் போட்டுவிட்டேன். கீழே இறங்கினால் முதல் பந்தியில் ஒரு நாற்காலி காலி இல்லை, ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது. போனில் 104, அம்பு சாய்வாகக் கீழே. பத்து நிமிஷத்தில் 78, அம்பு நேராகக் கீழே. கை நடுங்குகிறது, முதுகில் வேர்வை. எதற்கும் இருக்கட்டும் என்று விரலைக் குத்தினேன். 61.

சென்சாரின் பெரிய ஓட்டை இதுதான், பெட்டியில் பொடி எழுத்தில்தான் போடுகிறார்கள். அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை. வேகமாக இறங்கும்போது ஐந்து பத்து நிமிஷம் பின்தங்கித்தான் வரும். பாக்கெட்டில் இருந்த குளுக்கோஸ் பவுடரை மூன்று ஸ்பூன் அளவு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன், சுமார் 15 கிராம். கால் மணி நேரம் கழித்து ஸ்ட்ரிப்பில் 88, சென்சாரோ இன்னும் 66 என்று அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதை நம்பி இன்னும் நாலு ஸ்பூன் கொட்டியிருந்தால் சாயங்காலம் 300-இல் நின்றிருப்பேன். ஆக, சென்சார் வாங்கியாயிற்று என்று ஸ்ட்ரிப் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இரவில் இன்னொரு கூத்து. ஒட்டிய கையை அடியில் வைத்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, எண் தானாகக் கீழே விழும். ராத்திரி இரண்டரைக்கு 58 என்று கத்தியது, குத்திப் பார்த்தால் 112. “என்னடா இது, கைக்குழந்தை மாதிரி ராத்திரியெல்லாம் கத்துது” என்று அம்மா எழுந்து வந்துவிட்டார். இப்போதெல்லாம் இடது கையில் ஒட்டி வலது பக்கம் படுக்கிறேன்.

இரண்டாவது சென்சார் ஒன்பதாம் நாள் பனியனோடு கழன்று வந்துவிட்டது. சித்திரை வெயில், வேர்வை, பசை தாங்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்து, போட்டோ அனுப்பி, எட்டு நாள் காத்திருந்ததில் ‘நீங்கள் ஒட்டிய முறை சரியில்லை’ என்று பதில் வந்தது. ஐந்து நாள் பணம் போச்சு. மூன்றாவதற்கு மேலே ஒரு பிளாஸ்திரி போட்டேன், 14 நாளும் நின்றது.

மாதம் பூரா போட எனக்குக் கட்டாது, பத்தாயிரம் எங்கே போக. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், மற்ற நாளெல்லாம் ஸ்ட்ரிப்தான். அடுத்ததைத் தீபாவளிக்கு முதல் நாள் ஒட்டப் போகிறேன். அம்மாவின் லேகியம் அம்பை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்க்க வேண்டும்.