அப்பாவின் வயிற்றில் ஒரு கறுப்பு வட்டம்

மூன்று வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனது அப்பாவின் ஆபரேஷனுக்காக. பெருங்குடலில் இடது பக்கம், சிக்மாய்டு என்று சொல்கிற வளைவில் புற்றுநோய்க் கட்டி. கொலனோஸ்கோபி, பயாப்ஸி, சி.டி. ஸ்கேன், புற்றுநோய்க்காகப் பார்க்கிற சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தம்பி முன்பே முடித்து வைத்திருந்தான். அட்மிஷனிலும் ஒரு குறை இல்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்த வட்டத்தைப் பற்றித்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். குடலைச் சுத்தம் செய்கிற மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு, பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடந்து அப்பா ஓய்ந்து படுத்திருந்தார். ஒரு சிஸ்டர் வந்து சட்டையைத் தூக்கச் சொன்னார். உட்காருங்க, நில்லுங்க, கொஞ்சம் குனியுங்க என்றார், அப்புறம் தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் கறுப்பு மார்க்கரால் ஒரு வட்டம் போட்டார். "எதுக்கும்மா இது?" என்று அப்பா கேட்டார். "பை வைக்க வேண்டி வந்தா இடம் பார்த்து வைக்கிறது ஐயா." அவ்வளவுதான், போய்விட்டார்.

மலம் சேருவதற்காக வயிற்றில் ஒட்டுகிற பை. அந்த வார்த்தையை அதுவரை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்கின படிவத்தில் பொடி எழுத்தில் இருந்தது, பிறகு தேடித்தான் பார்த்தேன். அப்பா விளக்கை அணைக்கவே விடவில்லை. "ஆயுசுக்குமா?" என்று ஒரு மணிக்கு ஒருமுறை கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் இருக்கிற நாட்டில் கூட வேலை செய்கிறவர் ஒருவருக்கு இதே ஆபரேஷன் நடந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வெறும் பை ஒன்றை வயிற்றில் ஒட்டி, வீட்டில் நடந்து பழகிப் பாருங்கள் என்று அனுப்பினார். அந்த ராத்திரி முழுக்க எனக்கு அதே ஞாபகம்.

காலை ஆறு மணிக்கு டியூட்டி டாக்டரைப் பிடித்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாம் சொன்னார். கட்டி இருக்கிற குடல் பகுதியை அதன் நிணநீர்க் கணுக்களோடு வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள், திட்டமிட்டுச் செய்கிற பெருங்குடல் ஆபரேஷனில் பெரும்பாலும் பை வராது. குடல் அடைத்து வீங்கியிருந்தாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ, தையல் பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தாலோதான் குடலை வயிற்று வழியாக வெளியே கொண்டுவருவார்கள், அதிலும் பலருக்குச் சில மாதத்தில் திரும்ப உள்ளே வைத்து மூடிவிடலாம். குனியச் சொன்னது வயிற்று மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்க்கவாம். ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து படுத்திருக்கும்போது மடிப்பு தெரியாது, மடிப்பில் பை ஒட்டினால் கசிந்து தோல் புண்ணாகிவிடும். ஆக அந்த சிஸ்டர் வேலையைத் துளி பிசகாமல் செய்திருக்கிறார். இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அப்பா தூங்கியிருப்பார் என்று நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. என் சின்ன வயதில் பாட்டி படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஓட்டைக் கட்டில்தான், மின்விசிறி சுற்றாது, ஆனால் சிஸ்டர்கள் கட்டில் ஓரத்தில் நின்று பேசிவிட்டுத்தான் நகர்வார்கள்.

பை வரவில்லை. மறுநாளே நடக்க வைத்தார்கள், மூச்சை இழுத்து உருண்டையைத் தூக்கும் கருவியைக் கையில் கொடுத்தார்கள், ரவுண்ட்ஸ் வருகிற ஒவ்வொருவரும் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். காய்ச்சலோ வயிற்று வலியோ கூடினால் உடனே சொல்லுங்கள், உள்தையல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். ஆறாம் நாள் வீடு.

வெட்டி எடுத்த பகுதியின் பயாப்ஸி ரிப்போர்ட் அப்புறம் வந்தது. குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களையாவது பார்க்க வேண்டும் என்பது கணக்கு, அப்பாவுக்கு 17 பார்த்து இரண்டில் நோய் இருந்தது. மூன்றாம் நிலை, கீமோ வேண்டும். அந்தப் பிரிவில், அதே ஆஸ்பத்திரியில், ஒரு சிஸ்டர் அரை மணி நேரம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறின பிறகு சில நாள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் மின்சாரம் அடித்த மாதிரி கூசும், ஜில் தண்ணீர் தொண்டையில் இறங்காது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் நடு ராத்திரியானாலும் வந்துவிடுங்கள், எல்லாவற்றையும் தாளில் எழுதியும் கொடுத்தார். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது வராந்தாவில் வட்டம் போட்ட சிஸ்டரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்க்கா." டாக்டரும் சிஸ்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாராம். கருத்துப் படிவத்தில் சுத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் மதிப்பெண் போட இடம் இருந்தது, இதற்கு இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன்: வட்டம் போடுவதற்கு முன்னால் பையைப் பற்றி நோயாளியிடம் யார் பேசுவது என்று ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.